கேட்காமல் திருத்திய பாட்டு

"யாரைக் கேட்டு என் பாட்டுல கை வச்சீங்க?"

அச்சுக்கடையின் கண்ணாடிக் கதவு முழுசாகத் திறப்பதற்குள் கேள்வி உள்ளே போய்விட்டது. பின்னாலேயே அவளும் போனாள். தோளில் கிட்டார், கையில் ஒரு கத்தைத் தாள், தலையில் மழை, மூக்கு நுனியில் கோபம்... வீட்டில் அவளுக்கு மிளகாய் என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்?

கணினிக்குப் பின்னாலிருந்து ஒரு தலை நிமிர்ந்தது. அச்சுக்கடைக்காரன். மூக்குக்கண்ணாடிக்குள்ளே இரண்டு பெரிய கண்கள்... அப்போதுதான் தூங்கி எழுந்த கன்றுக்குட்டியின் கண்கள். திட்ட வந்த இடத்தில் ஒருத்தன் இப்படிக் கண்ணை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் மனுஷி எப்படித் திட்டுவாள்? அதற்கும் சேர்த்து அவளுக்குக் கோபம் வந்தது.

"எங்கேயாவது பிழை இருக்குங்களா?"

"பிழையே நீங்கதான்!"

விஷயம் இதுதான், கண்ணுகளா. அவள் கிட்டார் டீச்சர். அண்ணனின் இரும்புக் கடைக்கு மேலே ஒரு மாடி அறை. அங்கே பல் டாக்டர், வங்கி மேனேஜர் அம்மா என்று பத்துப் பெரியவர்கள் அவளிடம் படிக்கிறார்கள். அன்று மாலை ஐந்து மணிக்கு அவர்களுடைய முதல் மேடை. அவள் தானே கட்டிய பாட்டு. அண்ணன் அழகாகச் சொல்லிவிட்டான்: "ஒரு வருஷம் பாத்தாச்சு மிளகா. இன்னிக்குச் சொதப்பினா, நாளைக்கு அந்த ரூம்ல பெயின்ட் டப்பா ஏறிடும்."

அதனால்தான் அவள் மூன்று நாள் உட்கார்ந்து டைப் அடித்தாள். பாட்டு வரிக்கு மேலே ஒரு வரி. அதில் சி, ஜி, ஏ மைனர், ஈ மைனர் என்று கார்டுகளின் பெயர், அதாவது எந்தெந்தத் தந்திகளைச் சேர்த்து அழுத்த வேண்டும் என்ற குறி. எந்தச் சொல்லில் விரல் மாற வேண்டுமோ அந்தச் சொல்லின் உச்சந்தலையில் கார்டு உட்காரும்வரை, ஸ்பேஸ் பட்டனைத் தட்டு தட்டென்று தட்டினாள். இருந்த ஒரே ஃபைலைப் பென்டிரைவில் போட்டு இவனிடம் கொடுத்தாள். காலையில் ஒத்திகைக்குத் தாளைப் பிரித்தால்... எல்லாக் கார்டும் இடது ஓரத்தில், பட்டியில் அடைந்த ஆடுகள் மாதிரி!

"டீச்சர், முதல் சொல்லுலயே நாலு கார்டும் முடிஞ்சிடுச்சு. மீதி வரிக்குக் கையைக் கட்டிக்கிட்டு நிக்கணுமா?" என்று பல் டாக்டர் நிஜமாகவே கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் மாடிப்படியில் நின்று சிரிக்காமல் பார்த்தான். அதுதான் அவளைச் சுட்டது.

அச்சுக்கடைக்காரன் தாளைப் பார்த்தான். "ரெண்டு சொல்லுக்கு நடுவுல ஒரு ஸ்பேஸ்தான் இருக்கணும்ங்க. உங்க ஃபைல்ல முப்பது, நாப்பதுன்னு கிடந்துச்சு. யாரோ பட்டன் மேல கையை வச்சுத் தூங்கிட்டாங்கன்னு நினைச்சு எல்லாத்தையும் எடுத்துட்டேன். எழுத்தையும் கொஞ்சம் அழகா மாத்தினேன்..."

"அழகா? அந்த ஸ்பேஸ்ல என் மூணு நாள் உசுரு இருந்துச்சுங்க! பழைய ஃபைலைக் குடுங்க."

"அது மேலயே... சேவ் பண்ணிட்டேங்க."

அவள் வாயைத் திறந்தாள். கண்ணில்தான் ஏதோ வந்தது. மழைத் தண்ணீர் என்று சொல்லித் துடைத்துக்கொண்டாள்.

அவன் எழுந்தான். கதவில் 'மூடியிருக்கிறது' பலகையைத் திருப்பினான். ஒரு துண்டை எடுத்து நீட்டினான். "மணி ஒண்ணரைதாங்க ஆகுது. நீங்க பாடுங்க. எந்தச் சொல்லுல எதுன்னு நான் போடறேன்."

"மறுபடி ஸ்பேஸா?"

"இல்லீங்க. நம்ம எழுத்துல ஒண்ணு ஒல்லி, ஒண்ணு குண்டு. ஸ்பேஸை நம்பினா என்னை மாதிரி ஒருத்தன் எழுத்தை மாத்தினதும் ஓடிடும். கட்டம் போடறேன். மேல் கட்டத்துல கார்டு, கீழ்க் கட்டத்துல அதோட சொல்லு. கோட்டை மறைச்சிடலாம். யார் என்ன செஞ்சாலும் ரெண்டும் பிரியாது."

சொல்லிவிட்டு ஏனோ காதுவரை சிவந்தான். அவள் அவசரமாகக் கிட்டார் தந்தியை முறுக்கினாள்.

*குடை மறந்த நாளிலே
கூட வந்த தூறலே...*

வெளியே மழை. உள்ளே அவள் குரலும் அவன் தட்டும் சத்தமும். ஒரு வரி பாடுவாள், நிறுத்துவாள், "நாளிலே-ல ஏ மைனர்" என்பாள், முறைப்பாள். அவன் தலையாட்டுவான். கடைசி வரியில் மட்டும் அவன் கை நின்றது.

"இங்க ஜி-ன்னு சொல்றீங்க. ஆனா மூணு தடவையும் உங்க விரல் முதல்ல, முன்னாடி ஈ மைனர்னு சொல்லிப் பிடிச்ச இடத்துக்குத்தான் போச்சு. அப்புறம் இழுத்துக்கிட்டு ஜி-க்கு வருது."

"உங்களுக்குக் கிட்டார் தெரியுமா?"

"தெரியாதுங்க. விரலைத்தான் பாத்தேன்."

"என் விரலைப் பாக்கச் சொல்லி யார் சொன்னா? ஸ்பேஸ் எதுக்குன்னு தெரியாதவர் எனக்குக் கார்டு சொல்லித் தர்றீங்களா? ஜி-ன்னா ஜி தான்! இன்னொரு தடவை என்னைக் கேக்காம மாத்தினீங்க..."

"மாத்தலைங்க," என்றான் மெல்ல.

அச்சடித்த தாள்களை அவன் போட்டுக் கொடுத்த உறையை வாங்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போனாள். தெருமுனையில் ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். அது கணக்கில் சேராது.

மேடைக்குப் பின்னால் உறையைப் பிரித்தபோது உள்ளே இரண்டு கட்டு இருந்தது. மேலே ஒரு சீட்டு. 'கேக்காம மாத்தக் கூடாதுன்னு சொன்னீங்க. ஒண்ணுல உங்க ஜி. இன்னொண்ணுல உங்க விரல் சொன்னது. எதுன்னு நீங்களே எடுங்க.'

என்ன திமிர்! பல்லைக் கடித்துக்கொண்டு ஈ மைனரைப் பிடித்து அந்தக் கடைசி வரியை முணுமுணுத்தாள். இன்னொரு முறை... பிறகு சும்மா நின்றாள். இத்தனை நாளும் முட்டிக்கொண்டிருந்த வரி வீடு வந்து சேர்ந்துவிட்டது. அவன் சரியாகச் சொல்லிவிட்டானே என்று அவள் கோபம் இரட்டிப்பானது. இரண்டாவது கட்டைத்தான் எல்லோருக்கும் கொடுத்தாள்.

பத்துப் பேரும் ஒரே விரலாக வாசித்தார்கள். பல் டாக்டர்கூடத் தப்பு செய்யவில்லை. கைதட்டல் ஓய்ந்ததும் அண்ணன் வந்து தொண்டையைச் செருமினான். "பெயின்ட் டப்பாவுக்கு வேற இடம்தான் பாக்கணும் போலிருக்கு, மிளகா."

அவள் அவனைத் தாண்டிப் பார்த்தாள். வாசல் பக்கம், நனைந்த சட்டையோடு அந்தக் கன்றுக்குட்டிக் கண்கள்... நேரே போய் எதிரில் நின்றாள்.

"அந்த ரெண்டாவது கட்டை யாரைக் கேட்டு அச்சடிச்சீங்க?"

"அதைக் கேட்டுத்தான் சீட்டு எழுதினேன். ஆனா..." அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "ஒண்ணை மட்டும் உங்களைக் கேக்காம செஞ்சிட்டேங்க. மத்தியானம் நீங்க ரெண்டாவது வரி பாடறப்போ. மனசு... உங்க பக்கம் வந்துடுச்சு."

அவளுக்கு முகமெல்லாம் சுட்டது. கோபம்தான் என்று நினைத்துக்கொண்டாள். கோபம் ஏன் இத்தனை இனிப்பாக இருக்கிறது?

"அதைப் பழையபடி மாத்திக் குடுங்க," என்றாள், தரையைப் பார்த்தபடி.

"முடியாதுங்க. அது மேலயே சேவ் பண்ணிட்டேன்."

"நல்ல வேளை," என்றாள் மிளகாய்... இன்னும் முறைத்துக்கொண்டுதான்.