ஐந்து மூச்சு வீடு

எங்கள் கூட்டில் யார் வீட்டுக்குள்ளும் யாரும் சட்டென்று நுழைந்துவிட முடியாது. வாசலில் நின்று, "மூச்சு இருக்கா?" என்று கேட்க வேண்டும். உள்ளே இருப்பவர் சுவரிலுள்ள சூடுமானியைத் திரும்பிப் பார்ப்பார். முள் பச்சையில் இருந்தால் "வாங்க" என்பார். இல்லையென்றால் வந்தவர் வாசலோடு பேசிவிட்டுப் போவார். இதில் யாருக்கும் வருத்தமில்லை. கேட்காமல் உள்ளே வருகிறவரைத்தான் தூத்துக்குடியில் இப்போது வளர்ப்பு சரியில்லாதவர் என்கிறார்கள்.

அன்று காலை எதிர்வீட்டு அமலி அக்கா அப்படித்தான் வந்து நின்றாள்.

"ஜெனோவா, மூச்சு இருக்காட்டி?"

"எங்கக்கா இருக்கு? எல்லாத்தையும் இந்த மடிக்கணினி தின்னுட்டு."

"அடப்பாவமே, இன்னுமா சரியாவல?" என்று அங்கலாய்த்துவிட்டு, கொண்டுவந்த முருங்கைக்கீரையை வாசலிலேயே வைத்துவிட்டுப் போனாள்.

வெளியே வெயில் மனிதர் தாங்கும் அளவைத் தாண்டிப் பல காலம் ஆகிவிட்டது. கூடு என்று நாங்கள் சொல்லும், காற்றுப் புகாமல் மூடிய இந்த மாடிக் கட்டடங்களுக்குள் குடிவந்த பிறகு, எங்கள் வாழ்வில் விலை உயர்ந்த பொருள் குளிர்ச்சிதான். ஓர் ஆள் சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடம்பிலிருந்து வெளியேறும் சூட்டை ஒரு மூச்சு என்று வெப்ப வாரியம் வரையறுத்திருக்கிறது. ஒவ்வொரு வீட்டுக்கும் இத்தனை மூச்சு என்று பங்கு உண்டு. முள் சிவப்பைத் தொட்டால் அந்த வீட்டுக்கு வரும் குளிர்காற்று நின்றுவிடும். அதனால் சமையல் எல்லாம் கீழ்த்தளத்துப் பொதுச் சமையலறையில். புருஷன் பெண்டாட்டி சண்டைகூட இங்கே மெதுவாகத்தான் நடக்கும். கத்தினால் முள் ஏறும்.

எங்களுடையது ஐந்து மூச்சு வீடு. அப்பாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று, என் மடிக்கணினிக்கு ஒன்று. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. செய்திருந்தால் அவருக்கும் ஒன்று போயிருக்கும். ஆக, முறைப்படி இரண்டு மிச்சம் இருக்க வேண்டும். அந்த இரண்டு மூச்சுக்காகத்தான் அந்த மாதம் முழுவதும் நான் உயிரை விட்டேன்.

என் தங்கை பிளெஸ்ஸிக்குத் தலைப்பிரசவம். பிள்ளை பெற அவள் எங்கள் வீட்டுக்கு வர வேண்டும். அம்மா இல்லாவிட்டாலும் இதுதான் அவளுக்குத் தாய்வீடு. கோவில்பட்டியில் அவள் மாமியார் வீடு ஏற்கனவே நிரம்பி வழிகிறது. நாங்களும் இடமில்லை என்று சொன்னால், பிரசவம் முடிந்ததும் வாரியத்தின் பொதுக்கூடத்தில்தான் அவள் கைப்பிள்ளையோடு படுக்க வேண்டும். முகம் தெரியாத கூட்டத்துக்கு நடுவில், ஒரு திரைக்குப் பின்னால்.

முதல்முறை வாரியத்து அளவர் தங்கதுரை வந்து பார்த்தபோது முள் ஒரு மூச்சுதான் மிச்சம் காட்டியது.

"ரெண்டு காலியாக் காட்டணும்மா. தாய்க்கு ஒண்ணு, பிள்ளைக்கு ஒண்ணு. அப்பத்தான் அனுமதி எழுத முடியும்" என்றார். பிறகு என் மேசையைப் பார்த்தார். "உங்க மெஷினுதான் ரெண்டு ஆள் சூடு விடுது. அதச் சரிபண்ணுங்க. மாசக் கடைசியில வாரேன்."

எனக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. துறைமுகத்துக்கு அலைக்கணிப்பு எழுதுவது என் வேலை. கடலே நாளைக்கு என்ன செய்யும் என்று சொல்கிறவளுக்கு ஒரு மடிக்கணினி எம்மாத்திரம்? "நான் பாத்துக்கிடுதேம்ப்பா" என்றேன். அன்று முதல் அப்பா சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார். சாப்பிட்டால் உடம்பு சூடாகுமாம்.

நானும் சும்மா இருக்கவில்லை. தேவையில்லாத செயலிகளையெல்லாம் மூடினேன். அடியில் காற்று ஓடட்டும் என்று நான்கு மூலையிலும் பாட்டில் மூடிகளை வைத்துத் தூக்கி நிறுத்தினேன். பக்கவாட்டுச் சன்னல்களைத் தூரிகையால் துடைத்தேன். ஆனால் சூடு குறைவதற்குப் பதிலாக ஏறியது. விசிறி விமானம் கிளம்புவதுபோல் இரைந்தது. மதியத்துக்குள் முடிய வேண்டிய கணிப்பு பொழுது சாயும்வரை இழுத்தது. மாதக் கடைசி நெருங்கியபோது அந்த ஒற்றை இயந்திரம் மூன்று மூச்சை விழுங்கிக்கொண்டிருந்தது. வீட்டில் மிச்சம் ஒன்றுமில்லை.

வேறு இயந்திரம் கேட்டேன். அடுத்த வருடம் தருவதாகத் துறைமுகத்தில் சொன்னார்கள். அலுவலகத்தில் வந்து வேலை செய்கிறேன் என்றால், அங்கேயும் மூச்சுக்கணக்கு. எங்களையெல்லாம் வீட்டுக்கு அனுப்பியதே அவர்கள் சூட்டை எங்கள் தலையில் கட்டுவதற்குத்தான்.

அளவர் வருவதற்கு முந்தைய நாள் எனக்குப் பொறுமை போனது. மடிக்கணினியைக் கவிழ்த்துப் போட்டு, திருகுகளைக் கழற்றி அடித்தகட்டைத் திறந்தேன்.

உள்ளே, காற்று வெளியேறும் இரண்டு சன்னல்களிலும் சாம்பல் நிறப் பஞ்சு. தூசியல்ல. அளவெடுத்து, ஓரம் பிசிறில்லாமல் கத்தரித்து, இடுக்கு விடாமல் அடைத்திருந்தது. இவ்வளவு சுத்தமாகப் பஞ்சு அடைக்கத் தெரிந்த ஆள் இந்தக் கூட்டில் ஒருவர்தான். மீன் குளிர்கிடங்கில் காலமெல்லாம் பெட்டிகளுக்குப் பஞ்சு வைத்தவர்.

"அப்பா!"

சவரிமுத்து என்கிற என் அப்பா வந்து நின்று, திறந்துகிடந்த இயந்திரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீ குளிக்கப் போன நேரத்துல வச்சேன்" என்றார்.

"எதுக்குப்பா?"

"சூடு வெளிய வந்தாத்தானட்டி மானி காட்டும்? பெட்டியில பஞ்சு வச்சா வெளிச்சூடு உள்ள போவாது. அதே மாதிரி உள்ள இருக்கது வெளிய வராதுன்னு நெனச்சேன்."

"மீன்பெட்டி சும்மா கெடக்கும்ப்பா. இது உள்ளுக்குள்ள எரிஞ்சுக்கிட்டே கெடக்கும். வெளிய விட்டாத்தான் ஆறும். மூடுனா சூடு போயிருமா?"

நான் கத்திவிட்டேன். முள் சிவப்பின் ஓரத்துக்குப் போனது. அப்பா முதலில் அதைத்தான் பார்த்தார். என் கோபத்துக்குக்கூட அவர் பயப்படவில்லை, அந்த முள்ளுக்குப் பயந்தார். "மெதுவாப் பேசுட்டி. சின்னவ வரணும்" என்று கெஞ்சினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மகள் வர வேண்டுமென்று பட்டினி கிடந்த மனிதர், அவள் வர முடியாதபடி தன் கையாலேயே அடைத்துவைத்திருக்கிறார்.

பஞ்சைப் பிடுங்கினேன். விசிறி இறகுகளில் படிந்திருந்த பழைய தூசியைச் சுரண்டி எடுத்தேன். சில்லின் மேல் காய்ந்துபோயிருந்த, சூட்டைக் கடத்தும் வெப்பப்பசையைத் துடைத்துவிட்டுப் புதிதாக ஒரு சொட்டு வைத்தேன். அப்பா விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூடி, திருகி, கணிப்பை ஓடவிட்டேன். விசிறி ஓடுகிறதா என்று காதை வைத்துக் கேட்க வேண்டியிருந்தது. முள் இறங்கி இறங்கி, பச்சையின் நடுவில் வந்து நின்றது. சரியாக இரண்டு மூச்சு மிச்சம். நான் பெருமை அடித்துக்கொண்டதை இங்கே எழுதவில்லை. அப்பா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார் என்பது மட்டும் போதும்.

மறுநாள் தங்கதுரை வந்து மானியைப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், அனுமதி எழுதினார். பிளெஸ்ஸி வயிற்றைத் தாங்கிக்கொண்டு வந்தாள். உடன்பிறந்த அக்கா வீட்டு வாசலில் நின்று, "மூச்சு இருக்காக்கா?" என்று கேட்டாள். "ஒனக்குன்னே இருக்கு, வாட்டி" என்று கையைப் பிடித்து உள்ளே இழுத்தேன்.

ஆஸ்பத்திரியில் பெண்குழந்தை பிறந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று, வாசலைத் தாண்டி உள்ளே காலெடுத்து வைத்த மறுகணம் அது வீரிட்டு அழுதது. அப்படி ஒரு குரல். கைகால்களை உதறி, முகம் செக்கச்சிவந்து, உடம்பு முழுவதாலும் அழுதது.

நாங்கள் மூன்று பேரும் சூடுமானியைப் பார்த்தோம்.

பெற்றவளும் அதைத்தான் பார்த்தாள். முள் ஏறிக்கொண்டிருந்தது. "அழாத, அழாத, முள்ளு ஏறுது" என்று பிள்ளையின் வாயருகே கையைக் கொண்டுபோனாள். அந்தக் கையைப் பார்த்தேன். பிறந்து ஒரு வாரம் ஆகாத பிள்ளையை அழாதே என்று அடக்கப் பார்க்கிறோம். பஞ்சு அடைத்தவர் அப்பா மட்டுமா?

நேராக மேசைக்குப் போய், பாதிக் கணிப்பில் ஓடிக்கொண்டிருந்த மடிக்கணினியை அணைத்தேன். கடல் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். முள் சிவப்புக்கு முன்னால் தயங்கி நின்று, ஒரு மூச்சு கீழே இறங்கியது.

"அழட்டும், விடுட்டி" என்றேன்.

ஆனாலும் பிளெஸ்ஸியின் கண் மானியை விட்டு நகரவில்லை. அப்பா எழுந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி, சூடுமானியின் மேல் போட்டார்.

"மூடக்கூடாதுப்பா" என்றேன், பழக்கத்தில்.

"மூடுனா சூடு போவாதுன்னு தெரியும்ட்டி. நீதான சொன்ன" என்றார். "இது நம்ம கண்ணுக்கு."

பிறகு இரண்டு கைகளையும் நீட்டிப் பேத்தியை வாங்கிக்கொண்டார். அவள் இன்னும் சத்தமாக அழுதாள். அப்போதுதான் நாங்கள் முதன்முதலாக அவள் முகத்தைச் சரியாகப் பார்த்தோம். எங்கள் அம்மாவின் மூக்கு.