ஆட்டுக்கண்ணில் பாதி

தோலோகோன் கோபப்படவே இல்லை. அனார்குலுக்கு முதலில் உறுத்தியது அதுதான். சைபீரியாவில் இறைச்சித் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் கணவன் தினமும் சாயங்காலம் வீடியோவில் வருகிறான். அவன் அம்மாவையே அவள் குறை சொன்னாலும் சிரிக்கிறான். ஆட்களின் முகத்தையும் குரலையும் போட்டுக்கொண்டு கம்பெனி மெஷின்தான் வீடுகளோடு பேசுகிறது என்று நாரின் என்கிற அந்த மலையூர் முழுக்கப் பேச்சு. கண்டுபிடிக்கும் வழிகளைச் சொல்லிச் சொல்லிப் பெண்கள் சிரித்தார்கள். சமையலைக் குறை சொல்லவில்லையா, மெஷின். நீ சொல்வதை முழுசாகக் கேட்கிறானா, சந்தேகமே வேண்டாம், மெஷின்.

அனார்குலுக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் உயிரோடு இருக்கிறானா என்று தெரிந்தாக வேண்டும்.

நாத்தனார் ஜூராதான் வழி சொன்னாள். "அந்த ஆட்டுக்கண்ணு கதையைக் கேளுங்க அண்ணி. எங்கண்ணனா இருந்தா போனைத் தூக்கி எறிஞ்சிடும்."

யாரை அடிக்கடி பார்க்க ஆசையோ அவரோடு ஆட்டுக்கண்ணைப் பங்கிட்டுத் தின்பது அங்கே வழக்கம். கல்யாண விருந்தில் அவள் ஊட்டிய பாதிக் கண்ணை, அவன் ஓங்கரித்துத் தன் மாமனாரின் பூட்ஸுக்குள் கக்கிவிட்டான். அந்தப் பேச்சையே யாரும் எடுக்கக் கூடாது.

அன்று அடுப்படியில் ஆறிப்போன கறிச்சாற்றின் மேல் கொழுப்பு ஆடைகட்டி, அதன் முடைநாற்றம் திரைச்சீலை வரை ஏறியிருந்தது. திரையில் அவன் முகம். இடது விழியின் பழுப்புப் புள்ளிகூட அதே இடத்தில்.

"அந்தக் கண்ணு ஞாபகம் இருக்கா?"

அவன் சிரித்தான். "மறப்பேனா? வெளியே வழுவழுன்னு, உள்ளே வெதுவெதுன்னு கூழு. கடிச்சதும் பொட்டுன்னு வெடிச்சுது. நல்ல ருசி."

இது அவனில்லை.

அப்போதுதான் அந்தச் சிரிப்புக்கு அடியில் கேட்டது. ஓங்கரிப்பு. தொலைவில், அடக்கி அடக்கி. விருந்தில் கேட்ட அதே சத்தம்.

"தோலோகோன்?"

ஓங்கரிப்பு உரத்தது. முகம் சிரித்தபடியே இருந்தது. உதட்டோரம் வெள்ளையாக ஏதோ வழிந்தது.

"உன்னை அடிக்கடி பார்க்கணும் போல இருக்கு," என்றது முகம். "இந்தா, பாதி உனக்கு."

வாய் திறந்தது. நாக்கின் மேல் ஒரு கண். ஆட்டினுடையது அல்ல.

அதில் அதே பழுப்புப் புள்ளி இருந்தது. ஈரமாக உருண்டு, அவளைத் தேடித் திரும்பியது.