இன்னும் போணி ஆகல

சுந்தரம் அங்கிளின் பாத்திரக் கடைக்கு மேலே இருந்த பெயர்ப் பலகையில் எழுத்துகள் இல்லை.

விளக்குதான் பழுதாகிவிட்டது என்று அஃப்னா முதலில் நினைத்தாள். ஆனால் உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மேலே தமிழும் கீழே ஆங்கிலமுமாகச் சிவப்பில் இருந்த பலகை இப்போது முழுக்க வெள்ளை. சுரண்டிய தடம் இல்லை. பசையின் கறைகூட இல்லை. அவள் ஜூரோங்கில் தண்ணீரைச் சோதிக்கும் ஆய்வகத்தில் வேலை செய்பவள். எதை எவ்வளவு கழுவினாலும் ஏதோ ஒன்று மிஞ்சும் என்று தெரிந்தவள். இதில் எதுவும் மிஞ்சவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை. சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் அந்தச் சின்னத் தெருவில் மல்லிகையும் லாரிப் புகையும் நனைந்த அட்டைப்பெட்டியின் வாடையும் எப்போதும்போலக் கலந்து கிடந்தன. யாரோ வடை பொரிக்கும் சத்தமும் யாரோ ஊருக்கு வீடியோ காலில் கத்தும் சத்தமும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. எல்லாவற்றுக்கும் அடியில், குளிர்சாதனப் பெட்டியின் பின்பக்கம் காதை வைத்தால் கேட்பதுபோல, அந்த வெள்ளைப் பலகையின் ரீங்காரம்.

எதிரே அவள் உம்மா ஜைனபின் கடை. நூர் பேக்ஸ். ஊருக்குப் போகும் தொழிலாளர்கள் பெட்டியும் போர்வையும் கயிறும் வாங்கும் இடம். இறந்துபோன வாப்பா நூருல் அமீனின் பெயரில் பாதி, பச்சை எழுத்தில் அங்கே எரிந்துகொண்டிருந்தது.

"உம்மா, அங்கிள் கடை பலகையப் பாத்தீங்களா?"

"ரெனவேஷனா இருக்கும்." ஜைனப் ஒரு பெட்டியின் சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தாள். "வாய் ஓயாத மனுஷன். இத மட்டும் சொல்லாம மறைச்சிட்டான் பாரு."

போன மாதம் பக்கத்து முடிதிருத்தகத்தின் பலகையும் இப்படித்தான் வெள்ளையானது. மறுநாள் அது பழச்சாறுக் கடை. முடிவெட்டிக்கொண்டிருந்த ரமணன் அண்ணன் பச்சைத் தொப்பி போட்டுக்கொண்டு உள்ளே நின்றார். வாடகை ஏறியிருக்கும், அதே இடத்தில் வேலை கிடைத்ததே பெரிது என்றாள் உம்மா. அது நியாயமாகத்தான் இருந்தது. இந்தத் தெருவில் ஆண்டுக்கு ஒரு பலகை மாறும். ஆனால் அஃப்னாவைச் சிறுவயதிலிருந்து தெரிந்த அந்த அண்ணன் அவளிடம் கேட்டது ஒன்றுதான்: "சின்ன கப்பா மேடம், பெரிய கப்பா?"

அன்று சுந்தரம் அங்கிள் சாறும் கையுமாக வந்து பெருமையடித்தார். "முதல் போணி நான்தான் லா. என் கைராசிக்கு அடுத்த மாசம் ஆர்ச்சர்ட் ரோட்டுல கிளை திறப்பான்." பிறகு அஃப்னாவைப் பார்த்து, "என்னம்மா, நீ ஒரு வார்த்தை பேசுனா அதுவே எனக்கு இன்னைக்குப் போணி."

"அவ தண்ணிகிட்ட மட்டும்தான் பேசுவா," என்றாள் உம்மா.

சனிக்கிழமை மாலை அஃப்னா வந்தபோது பாத்திரக் கடை இல்லை. ஊதா நிறப் பலகை. கண்ணாடிக் கதவு. கைப்பேசி உறைகள். கதவுக்குப் பின்னால் ஊதாச் சட்டையில் சுந்தரம் அங்கிள்.

"கூப்பிட்டா திரும்பிப் பாக்க மாட்டேங்குறான்," என்றாள் உம்மா. அவள் குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம். "நமக்குக்கூடச் சொல்லாம கடைய வித்துட்டானா? நீ போய்க் கேட்டுட்டு வா."

உள்ளே குளிர் அளவுக்கு மீறி இருந்தது. புதுப் பிளாஸ்டிக்கின் இனிப்பான வாடைக்கு அடியில், மூச்சை நன்றாக இழுத்தால் மட்டும் தெரிகிற மாதிரி, அங்கிள் பித்தளை துலக்கும் புளியின் வாடை. சுவர் முழுக்கத் தொங்கிய உறைகள் காற்றில்லாமலே மெல்ல அசைந்தன. அங்கிளின் மூக்கில் எப்போதும் இருக்கும் கண்ணாடி இல்லை. அது அழுத்திய தடம் மட்டும் இருந்தது.

"வெல்கம் மேடம்."

"அங்கிள், உம்மா கேக்கச் சொன்னாங்க..."

"இன்னும் போணி ஆகல மேடம். ஏதாவது எடுங்க."

அவருடைய குரல்தான். ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே ஒரே அளவு இடைவெளி.

"அங்கிள், நான் அஃப்னா."

"சின்னதா ஏதாவது எடுங்க மேடம்."

கல்லாவுக்குப் பின்னால் வளர்ந்தவள் அவள். முதலில் வந்தவர் எதுவும் வாங்காமல் திரும்பினால் உம்மாவின் முகம் எப்படி விழும் என்று தெரியும். போணி கேட்கிறவரிடம் முடியாது என்று சொல்ல அவளுக்கு வராது. யாரிடமும் அவளுக்கு அது வராது. கைக்கு எட்டிய ஒரு சார்ஜர் ஒயரை எடுத்துவிட்டுக் காசு கட்டக் கைப்பேசியை நீட்டினாள்.

"போணிக்குக் கேஷ்தான்."

அவள் கொடுத்த பத்து வெள்ளி நோட்டை அங்கிள் வாங்கி, எப்போதும் செய்வதுபோல இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டார். நோட்டு கீழே இறங்கியபோது அந்தக் கண்கள் நனைந்திருந்தன. அவை சுந்தரம் அங்கிளின் கண்கள்.

"ஏம்மா வாங்குன?" என்றார். மூச்சளவு குரல். "நானும் இப்படித்தாம்மா. அந்த ஜூஸ் கடையில போணி பண்ணேன். என் கடை..."

வாய் மூடிக்கொண்டது. வெளியிலிருந்து யாரோ மூடியதுபோல. பிறகு அது சிரித்தது.

"தேங்க் யூ மேடம்."

அஃப்னா வெளியே வந்தாள். எதிரே பார்த்தாள்.

நூர் பேக்ஸ். முதல் எழுத்து இல்லை. அந்த இடம் வெள்ளை.

உம்மா ஒரு வாடிக்கையாளரிடம் கயிற்றை இழுத்துக் காட்டிக்கொண்டிருந்தாள். "டிவியோட உன் மாமியாரையும் சேத்துக் கட்டிக்கிட்டுப் போ தம்பி. அறுகாது."

"உம்மா, கடையைச் சாத்துங்க."

"சனிக்கிழமை புள்ள. இப்பத்தான் கூட்டமே வருது."

"உம்மா, இப்பவே வாங்க!"

கயிறு வாங்க வந்தவர் திடுக்கிட்டு விலகினார். உம்மா அவளையே பார்த்தாள். "இவ்வளவு சத்தம் உனக்குள்ள இருந்துச்சா?" என்றாள். ஆனால் மகள் வாசலில் இருந்த பெட்டிகளை உள்ளே இழுக்கத் தொடங்கியதைப் பார்த்துவிட்டுச் சாவியை எடுத்தாள். ஷட்டரை இருவரும் சேர்ந்து இறக்கினார்கள். தலைக்கு மேலே ரீங்காரம் தொடங்கியிருந்தது. அஃப்னா நிமிர்ந்து பார்க்கவில்லை.

ரயிலில் உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். கடையில்தானே பலகை இருக்கிறது. உம்மா இங்கே இருக்கிறாள். அதன் அடியில் யாரும் இல்லையென்றால் அது யாரை மாற்றும்?

"என்ன நடந்துச்சுன்னு சொல்லு புள்ள."

"வீட்டுல சொல்றேன். உம்மா, வாப்பா பேர் என்ன?"

"பைத்தியமா உனக்கு? நூருல் அமீன்."

நியூட்டன் நிலையத்தில் மாறினார்கள். அடுத்த ரயிலில் உம்மா, "நாளைக்கு லாரி வருது, அந்தப் பெரிய பெட்டியெல்லாம்..." என்று தொடங்கி நிறுத்தினாள். முடிக்கவில்லை. அவள் கை குளிர்ந்திருந்தது. ரயிலின் குளிர்தான். அப்படித்தான் இருக்க வேண்டும்.

"வாப்பா பேர் என்ன உம்மா?"

உம்மா யோசித்தாள். வெகுநேரம் யோசித்தாள். "நூர்," என்றாள்.

ஆங் மோ கியோவில் இறங்கினார்கள். அவர்களுடைய அடுக்குமாடி புளோக்கின் கீழே பிள்ளைகள் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். மின்தூக்கிக்குள் கதவு மூடியதும் அஃப்னா மறுபடியும் கேட்டாள்.

உம்மா சிரித்தாள். அவ்வளவுதான்.

தாழ்வாரத்தில் யார் வீட்டிலோ கருவாடு பொரித்தார்கள். வாசல்களில் செருப்புகள், பூந்தொட்டிகள், காய்கிற துணி. எல்லாம் அதனதன் இடத்தில். கடைசி வீட்டின் முன்னால் மட்டும் தரை அதிக வெளிச்சமாக இருந்தது. கடைசி வீடு அவர்களுடையது.

கதவுக்கு மேலே பலகை.

வெள்ளை.

அதே ரீங்காரம்.

"உம்மா, வேண்டாம். உள்ள போகாதீங்க."

உம்மா கையை விடுவித்துக்கொண்டாள். மெதுவாகத்தான். இரும்புக் கேட்டைத் திறந்தாள். கதவைத் திறந்தாள். உள்ளே போய்த் திரும்பி நின்றாள். அவளுக்குப் பின்னால் சோபா இல்லை. சாப்பாட்டு மேசை இல்லை. வாப்பாவின் தொழுகை விரிப்பு இல்லை. கூரைவரை வெள்ளை அலமாரிகள். புதுப் பிளாஸ்டிக்கின் வாடை. அதற்கு அடியில், மூச்சை நன்றாக இழுத்தால் மட்டும், உம்மாவின் அத்தர்.

"வெல்கம் மேடம்."

"உம்மா."

"இன்னும் போணி ஆகல."

அஃப்னா நின்றாள். நேரம் போனது. உம்மாவின் முகம் மெல்ல, மெல்ல விழுந்தது. முதலில் வந்தவர் வெறுங்கையோடு திரும்பும்போது விழும் அதே முகம். அதுவரை எல்லாம் அந்நியமாக இருந்த முகத்தில் அது ஒன்றுதான் உம்மாவுடையதாக இருந்தது.

"சின்னதா ஏதாவது எடுங்க மேடம்."

அஃப்னா பையின் ஜிப்பைத் திறந்தாள். நோட்டு ஒன்று மிச்சமிருந்தது. அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, செருப்பைக் கழற்றாமல், கடைக்குள் போகிறவர்கள் போவதுபோல உள்ளே போனாள்.