எதை வைத்து மைனஸ் நாற்பது

ரேடியோ சிக்னலை அளக்கும் கருவி மைனஸ் அறுபது காட்டியது. மதியம் மூன்று மணி. ரோடோப் மலையுச்சியில் இருந்த ஒலிபரப்பு நிலையத்தின் ஜன்னல்களில் மூடுபனி அப்பியிருந்தது, அடுப்பில் ஈரவிறகு உஸ்ஸென்று புகைந்தது, பீன்ஸ் சூப்பின் வாடை அறையெங்கும் நின்றது. ஓக்னியான் கரண்டியைக் கீழே வைத்தான். கருவி பிடித்த அலைவரிசையில் பேசும் கைரேடியோ ஒன்றே ஒன்றுதான். அதை நான்கு நாள் முன்பு நிலையத் தலைவன் லியூபெனின் நெஞ்சின்மேல் வைத்து, கீழே ஊர்க் கல்லறையில் புதைத்தாயிற்று. பேட்டரியைக் கழற்றியதே ஓக்னியான்தான். அது இதோ, இழுப்பறைக்குள் கிடக்கிறது.

கதவில் ஒட்டிய இறப்பறிவிப்புப் படத்தில் லியூபென் சிரித்துக்கொண்டிருந்தான். சிரிக்க மாட்டானா பின்னே? பத்தொன்பது வருஷம் இந்தப் பனியில் விறைத்தவன் ஓக்னியான். நேற்று வந்தவனுக்குத் தலைமைப் பதவி. சவ ஊர்வலத்தில் ஊரே அழுததைப் பார்த்தபோதுகூட ஓக்னியானுக்கு வயிறு எரிந்தது. செத்தும் அவனுக்குத்தான் மவுசு.

பனி இறங்கினால், வெளியே போனவன் ரேடியோவில் கேட்பான், உள்ளே இருப்பவன் கருவி காட்டும் டெசிபலைச் சொல்வான். எண் ஏற ஏற நிலையம் நெருங்குகிறது. அங்கே அதுதான் வழக்கம். ஆனால் கருவிக்கு இரண்டு கணக்கு. ஒன்று, உலகம் முழுக்க ஒரு மில்லிவாட் சக்தியையே பூஜ்ஜியமாக வைத்துச் சொல்வது. அதில் மைனஸ் நாற்பது என்றால் வாசற்படி. மற்றது, நாமே ஒன்றைப் பூஜ்ஜியமாக வைத்துக்கொண்டு, அதோடு ஒப்பிட்டுச் சொல்வது. லியூபென் செத்த அன்று காலை ஓக்னியான், அவனுடைய ரேடியோவை மேசையில் ஒரு மீட்டர் தள்ளி வைத்துச் சோதித்து, அதையே பூஜ்ஜியமாக்கியிருந்தான். லியூபெனுக்கு அது தெரியாது.

"ஓகி, எவ்ளோ காட்டுது?" என்று பனிக்குள்ளிருந்து கேட்டான் லியூபென்.

"மைனஸ் நாப்பது."

"அப்ப வாசலுக்கு வந்துட்டேன்டா. சூப்பைச் சூடு பண்ணு."

மேசையை வைத்து மைனஸ் நாற்பது என்றால் இன்னும் நூறு மீட்டர் பாக்கி. வாசலில் இடதுபக்கம் படி இருக்கும்; அங்கே இடதுபக்கம் பள்ளம். சொல்ல நேரம் இருந்தது. ஓக்னியான் சொல்லவில்லை.

கருவி இன்னமும் அதே பூஜ்ஜியத்தில்தான் நின்றது. மைனஸ் அறுபது என்றால் ஆயிரம் மீட்டர். கல்லறை சரியாக அவ்வளவு தூரம்.

எண் மைனஸ் ஐம்பத்து நான்கானது. ஆறு ஏறினால் தூரம் பாதி. ஓக்னியான் ஆன்டெனா கேபிளைப் பிடுங்கினான். நாற்பத்தெட்டு. இழுப்பறையைத் திறந்தான், பேட்டரி அங்கேயே, சில்லென்று கிடந்தது. நாற்பத்திரண்டு.

மைனஸ் நாற்பது. பள்ளத்தின் விளிம்பு. அங்கே எண் நெடுநேரம் அசையவில்லை.

அப்புறம் ஏறியது. முப்பது. இருபது. வாசலில் ஈர பூட்ஸின் சத்தம். தாழ் போட்ட கதவு திறக்கவில்லை. சத்தம் மட்டும் உள்ளே வந்தது. பத்து. நான்கு. அறையில் ஈரமண் வாடை.

பூஜ்ஜியம்.

மேசை காலியாக இருந்தது. ஓக்னியான் திரும்பிப் பார்க்கவில்லை. பிளஸ் ஆறு. அரை மீட்டர்.

"எவ்ளோ காட்டுது, ஓகி?"

குரல் ஸ்பீக்கரிலிருந்து வரவில்லை. பிடரிக்குப் பின்னாலிருந்து வந்தது.

"பிளஸ் ஆறு," என்றான் ஓக்னியான். இந்தத் தடவை ஒழுங்காகச் சொன்னான். "மேசையை வச்சு."

பிளஸ் பன்னிரண்டு. அவன் தோளிலிருந்து சட்டைக்குள் மண் உதிர்ந்தது. பிளஸ் பதினெட்டு. எண் நிற்கவில்லை.