மாடு ஒன்றும் நினைத்துக்கொள்ளாது

நான்காம் வகுப்புப் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு மென்றுகொண்டிருந்தார்கள்.

"அவரைக்காய்?" என்றாள் பூங்கோதை.

"ருசிங் டீச்சர்."

"சாதம்?"

"சப்புங் டீச்சர்."

"அப்ப அடுத்த வாரத் தட்டுல எது கூடும், எது கொறையும்?"

"அவரைக்காய் கூடுமுங். சாதம் கொறையுமுங்."

ஈரோட்டில் மட்டுமல்ல, மாநிலம் முழுவதிலும் அந்த நேரத்தில் இதே பாடம்தான் நடந்துகொண்டிருந்தது. தட்டுப் பாடம் என்று அதற்குப் பெயர். பாடத்தை வகுத்தவர்களில் பூங்கோதையும் ஒருத்தி. ஒவ்வொரு பிள்ளையின் மேலண்ணத்திலும் நகக்கண் அளவில் ஒரு சுவைவில்லை ஒட்டப்பட்டிருந்தது. அது எச்சிலை வைத்து உடம்பின் இருப்பை அறியும். உடம்புக்கு எது குறைகிறதோ அது நாக்கில் அமிர்தமாக இனிக்கும். எது மிஞ்சியிருக்கிறதோ அது நனைந்த காகிதம் போலச் சப்பென்றிருக்கும். இரண்டு மிட்டாய்க்கு மேல் எந்தப் பிள்ளையாலும் தின்ன முடியாது. மூன்றாவது மண்ணாகிவிடும். சோற்றுக் கிண்ணத்தோடு பிள்ளைகளைத் துரத்தும் தாய்மார்களை இப்போது எந்தத் தெருவிலும் பார்க்க முடியவில்லை. குண்டுப் பிள்ளைகளும் இல்லை, சோகை பிடித்த பிள்ளைகளும் இல்லை.

வில்லை தான் அறிந்ததை வெளியே சொல்லாது. தொடக்கத்தில் அப்படித்தான் திட்டமிட்டிருந்தார்கள். பிள்ளையின் வாய்க்குள்ளிருந்து ஒரு கருவி அரசாங்கத்துக்குச் செய்தி அனுப்புவதா என்று பெற்றோர்கள் தெருவில் இறங்கினார்கள். அப்போது பூங்கோதைதான் கூட்டத்தில் எழுந்து ஒரு வழி சொன்னாள். கருவி நாக்கோடு பேசட்டும், நாக்கு நம்மோடு பேசட்டும். தனக்கு எது தேவை என்று பிள்ளை தன் வாயால் சொல்லப் பழகுவதே பாடம்தானே. எல்லோரும் கை தட்டினார்கள். அன்றிலிருந்து பிள்ளைகள் 'ருசி' என்றும் 'சப்பு' என்றும் சொல்வதை வைத்துத்தான் வீட்டிலும் பள்ளியிலும் தட்டு நிரம்பியது.

அவரைக்காயும் சாதமும் முடிந்து முட்டைக்கு வந்தபோது வகுப்பு வாசலில் உடற்பயிற்சி ஆசிரியர் வந்து நின்றார்.

"பயப்படாதீங்க டீச்சர். பாப்பா படியில கால் தடுக்கி உழுந்துட்டா. கை சித்தெ வீங்கியிருக்குது."

பூங்கோதையின் மகள் நறுமுகை அதே பள்ளியில் ஆறாம் வகுப்பு. அவள் விழுந்தது ஒரே ஒரு படி. அந்தப் படியிலிருந்து தினமும் நூறு பிள்ளைகள் குதிக்கிறார்கள். அவளுக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்திருந்தது.

மருத்துவர் கார்மேகம் கட்டுப் போட்டு முடித்தபின் பூங்கோதையைத் தனியாக அழைத்தார். நறுமுகை பிறந்த நாளிலிருந்து பார்த்துவருபவர்.

"எலும்பு உளுத்த கட்டையாட்டம் இருக்குதும்மா. சுண்ணாம்புச் சத்து அடிமட்டத்துல கெடக்குது. இந்தக் காலத்துல இப்படியொரு பிள்ளைய நான் பார்த்து வருசமாச்சு. பால் குடுக்கறதில்லையா?"

"நிறுத்தி ரெண்டு வருசமாச்சுங்க டாக்டர்."

"ஏன்?"

"சப்புன்னு சொன்னாளுங்க. பால், தயிர், எள்ளுருண்டை, பள்ளிக்கூடத்து ராகிக்கூழ், எல்லாமே சப்புன்னு சொன்னா. அப்ப உடம்புல நெறைய இருக்குதுன்னுதானுங்களே அர்த்தம்."

பாடம் நடத்தும் குரலில்தான் அதைச் சொன்னாள். சொல்லி முடித்தபோது குரல் தேய்ந்திருந்தது.

வில்லை பழுதாயிருக்கும் என்றார் கார்மேகம். அதைக் கழற்றிச் சோதனைக் கிண்ணத்தில் போட்டு, நறுமுகையின் எச்சிலையும் ஒரு சொட்டுப் பாலையும் விட்டுப் பார்த்தார். உடம்பு எதையாவது மிகவும் கேட்கும்போது எரியும் கிண்ணத்தின் மஞ்சள் விளக்கு எரிந்தது. பக்கத்து மேசையில் இருந்த தாதி திரும்பிப் பார்க்கும் அளவுக்குப் பளிச்சென்று எரிந்தது.

"வில்லை சரியாத்தான் இருக்குது" என்றார் அவர். அதை மறுபடி நறுமுகையின் அண்ணத்தில் ஒட்டி அனுப்பிவைத்தார்.

தானோடி அவர்களை ஏற்றிக்கொண்டு காவிரிப் பாலத்துக்கு வந்தது. ஓட்டுநர் இல்லாத வண்டி. இருவரும் எதிரெதிராக உட்கார்ந்திருந்தார்கள். நறுமுகை கட்டுப் போட்ட கையை மடியில் ஒரு பூனைக்குட்டியைப் போல வைத்திருந்தாள்.

"கண்ணு, பால் குடிச்சப்ப நெசமாவே எப்படி இருந்துச்சு?"

நறுமுகை வெளியே ஆற்றைப் பார்த்தாள்.

"அம்மா திட்டமாட்டேன்."

"பாயசமாட்டம் இருந்துச்சுங்கம்மா."

"அப்புறம் ஏன் சப்புன்னு சொன்னே?"

"நீங்க செஞ்சதெல்லாம் சப்புன்னு இருந்துச்சுங்க. அதையெல்லாம் நல்லாருக்குன்னு சொன்னேன். அப்புறம் பாலும் நல்லாருக்குன்னு சொன்னா நீங்க கண்டுபுடிச்சிருவீங்கல்ல? எல்லாமே ஒருத்தருக்கு ருசிக்காதுன்னு நீங்கதான பாடத்துல சொன்னீங்க. எதையாவது சப்புன்னு சொல்லோணுமில்லீங்களா?"

"அதுக்குப் பாலத்தானா சொல்லோணும்?"

"பால் நீங்க செஞ்சதில்லீங்களே. மாடு குடுத்தது. மாடு ஒண்ணும் நெனச்சுக்காதுங்கம்மா."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். பூங்கோதைக்கும் ஒரு கணம் சிரிப்பு வரப் பார்த்தது.

அந்த வீட்டில் சமையல் அவள் கணவன் பூபதியின் வேலையாக இருந்தது. பூங்கோதைக்கு எந்தக் காயில் எந்தச் சத்து எவ்வளவு என்பது தலைகீழாகத் தெரியும். அடுப்பில் எதை முதலில் போட வேண்டும் என்பது தெரியாது. பூபதி இருந்தவரை நறுமுகை தட்டைப் பார்த்து உள்ளதை உள்ளபடி சொல்வாள். "அப்பா, உங்க கத்திரிக்காய் இன்னைக்குச் செத்துப்போச்சுங்க" என்பாள். "செத்ததத்தான கொழம்பு வெச்சேன்" என்பான் அவன். இருவரும் சிரிப்பார்கள். கத்திரிக்காய் மறுவாரம் குறையும்.

பூபதி மாரடைப்பில் போனான். துக்கத்துக்கு வந்த உறவினர்கள் எல்லோரும் ஊருக்குத் திரும்பிய பிறகு, பூங்கோதை முதன்முதலாகத் தனியாக அடுப்பைப் பற்றவைத்தாள். அரிசியும் பருப்பும் செய்தாள். இரண்டையும் ஒன்றாக வேகவைக்கும் அந்தச் சோற்றை அவன் வாரத்துக்கு ஒரு தடவை செய்வான். அதைவிட எளிதாக எதுவும் இல்லை என்று எல்லோரும் சொல்வார்கள். அது அடிப்பிடித்தது. மேலே வேகாமல் கீழே கருகியதைத் தட்டில் போட்டுவிட்டுக் கரண்டியும் கையுமாக நின்றாள். நறுமுகை ஒரு வாய் தின்றாள். அம்மாவின் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"நல்லாருக்குதுங்கம்மா" என்றாள், சிரித்துக்கொண்டே.

அந்தக் காலத்தில் 'நல்லாருக்குது' என்பது பாராட்டு அல்ல, அறிகுறி. விருந்தில் ஒரு பிள்ளை எதையாவது நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டால் பெற்றோர் மறுநாளே மருத்துவரிடம் போவார்கள். துக்கத்தில் பிள்ளையின் உடம்பு வற்றியிருக்கிறது, பருப்பு கேட்கிறது என்றுதான் பூங்கோதையும் எடுத்துக்கொண்டாள். அதற்கடியில் வேறொரு சந்தோஷமும் இருந்தது. தான் சமைத்ததை ஒருவர் ருசித்துச் சாப்பிடுகிறார் என்ற, அவள் அதுவரை அறியாத ஒன்று. அது என்னவென்று அவள் ஆராயவில்லை.

அடுத்த நாள் பீட்ரூட் பொரியல் நல்லாருந்தது. அதற்கடுத்த நாள் உருளைக்கிழங்கு. நல்லாருக்குது என்றதையெல்லாம் கூட்டினாள். சப்பு என்றதையெல்லாம் குறைத்தாள், பிறகு நிறுத்தினாள். ஆசிரியர் கூட்டங்களில் தன் மகளின் தட்டை எடுத்துக்காட்டாகச் சொன்னாள். ஈரோட்டிலேயே மிகத் துல்லியமாகத் திட்டமிடப்பட்ட தட்டு அதுதான் என்று ஒரு தடவை மேடையிலேயே சொன்னாள். திட்டமிட்டதில் ஒரு பிழையும் இல்லைதான்.

"இப்படிச் சொல்லோணுமுன்னு உனக்கு யாரு சொல்லிக் குடுத்தாங்க?" என்று தானோடியில் கேட்டாள்.

"நீங்கதானுங்கம்மா."

"நானா?"

"பெருந்துறைல. சின்னம்மா வூட்டுல."

பூங்கோதைக்கு நினைவு வந்தது. வில்லை ஒட்டிய புதிதில், நறுமுகைக்கு ஆறு வயது. தங்கை வீட்டு விருந்தில் இலையில் விழுந்த ஒவ்வொன்றுக்கும் அவள் உரத்த குரலில் "சப்பு, சப்பு" என்று சொல்லிக்கொண்டே போனாள். பரிமாறிய தங்கையின் முகம் சுருங்கியது. பூங்கோதை இலைக்கடியில் கையை விட்டு மகளின் தொடையைக் கிள்ளினாள். ஒறம்பரையா விருந்துக்குப் போன எடத்துல போட்டதக் குறை சொல்லக்கூடாது கண்ணு, ஆக்கிப்போட்டவங்க மனசு நோகும், நல்லாருக்குன்னுதான் சொல்லோணும் என்று காதில் சொன்னாள். ஒரே ஒரு தடவைதான் சொன்னாள்.

தட்டுப் பாடத்தை அவள் ஐந்து வருஷமாகத் தினமும் நடத்திவந்தாள்.

மறுநாள் நான்காம் வகுப்பில் சாப்பாட்டு நேரம். பள்ளிச் சமையற்காரம்மா வழக்கம்போல வாசலில் சாய்ந்து நின்று பிள்ளைகள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தினமும் அங்கேதான் நிற்பாள். பூங்கோதை அதை இதற்கு முன் கவனித்ததில்லை. பிள்ளைகள் ஒவ்வொருவரும் ருசி என்று சொல்வதற்கு முன் வாசலைப் பார்ப்பதையும் இன்றுதான் கவனித்தாள்.

அந்த அம்மாவைச் சற்று நேரம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"இதுவரைக்கும் யாராவது, ருசியில்லாதத ருசின்னு சொல்லியிருக்கீங்களா? டீச்சர் திட்டமாட்டேன்."

"இல்லீங் டீச்சர்" என்றது வகுப்பு ஒரே குரலில்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ஒரு தடவைகூட இல்லையா?"

"இல்லீங் டீச்சர்."

அவள் முகம் மாறியிருக்க வேண்டும். முதல் வரிசையிலிருந்த அதியன் மெதுவாகக் கை தூக்கினான்.

"டீச்சர், என்னன்னு சொல்லோணுமுங்?"

பூங்கோதை போய்ச் சாத்திய கதவைத் திறந்துவிட்டாள். இந்த வகுப்பு சொன்னது பள்ளிக்குப் போயிருக்கிறது, பள்ளி சொன்னது மாவட்டத்துக்கு. பிள்ளைகளின் வாய்ச்சொல்லை அடுக்கி அடுக்கித்தான் மாநிலத்தின் விளைச்சல் வரைக்கும் திட்டமிட்டிருந்தார்கள். ராகி விதைத்த நிலம் பாதியாகியிருந்தது, பிள்ளைகளுக்கு அது போதும் என்று. எத்தனை பிள்ளைகள் எத்தனை பேரின் முகத்தைப் பார்த்து அதைச் சொன்னார்கள் என்பது யாருக்கும் தெரியாது.

நடந்ததை அவள் கல்வித்துறைக்குச் சொன்னாள். அவர்கள் கவனமாகக் கேட்டுக்கொண்டார்கள். அடுத்த வாரமே அங்கிருந்து ஒருவர் பேசினார். நறுமுகையின் நலம் விசாரித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார். பழைய திட்டத்தைத் தூசு தட்டியிருக்கிறார்கள். தூதுவில்லை. பிள்ளை எதுவும் சொல்லவேண்டியதில்லை. வில்லையே நேராகத் துறைக்குச் சொல்லிவிடும். முன்பு அதை எதிர்த்தவர்களில் முக்கியமானவர் நீங்கள், இப்போது நீங்களே பரிந்துரைத்தால் பெற்றோர்கள் கேட்பார்கள் என்றார்.

"பிள்ளைங்க வாய நம்பி நாம மோசம் போயிட்டோமில்லீங்களா டீச்சர்?"

"யோசிச்சுச் சொல்றனுங்க" என்றாள் பூங்கோதை. பிறகு அவர் அழைத்தபோதெல்லாம் எடுக்காமல் விட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் மறுபடி அரிசியும் பருப்பும் செய்தாள். கார்மேகம் சொன்னபடி ஒரு தம்ளர் பால், வேகவைத்த முட்டை, முருங்கைக்கீரை எல்லாம் மேசையில் இருந்தன. அவை உடம்புக்கு. அரிசியும் பருப்பும் மட்டும் தனக்காக. இந்தத் தடவை அடிப்பிடிக்கவில்லை என்று நினைத்தாள்.

"கண்ணு, இனிமே அம்மாவுக்காவ நல்லாருக்குன்னு சொல்லக்கூடாது. சப்புன்னா சப்புன்னே சொல்லோணும். அப்படிச் சொன்னாத்தான் அம்மாவுக்குச் சந்தோசம். தெரியுதா?"

"சரிங்கம்மா."

நறுமுகை இடது கையால் கரண்டியைப் பிடித்து ஒரு வாய் தின்றாள். மென்றாள். நிமிர்ந்து அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"சப்புன்னு இருக்குதுங்கம்மா" என்றாள், சிரித்துக்கொண்டே.

பூங்கோதைக்கு மனசு நிறைந்தது. அது ஒரு மூச்சு நேரம்தான் நீடித்தது. அந்தச் சிரிப்பை அவள் முன்பே பார்த்திருக்கிறாள். கரண்டியும் கையுமாக நின்ற அந்த முதல் நாளில், கருகிய சோற்றுக்கு மேலே பார்த்த அதே சிரிப்பு. கண் அதேபோல அவள் முகத்தில் எதையோ தேடி, கிடைத்ததும் தட்டுக்குத் திரும்பியது.

"நெசமாவா?"

"நெசமாத்தானுங்கம்மா. ரொம்பச் சப்பு." அம்மாவின் புருவத்தைப் பார்த்துவிட்டு, "இல்லீங்க, கொஞ்சந்தான் சப்பு" என்றாள்.

பூங்கோதை எழுந்தாள். ஜன்னல் பக்கம் போய், மகளுக்கு முதுகைக் காட்டி நின்றாள். தன் முகம் தெரியாவிட்டால் போதும் என்று தோன்றியது. எதிர்வீட்டு மாடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது.

"இப்பச் சொல்லு கண்ணு. எப்படி இருக்குது?"

கரண்டி தட்டில் படும் ஓசை கேட்டது. கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றது. அவள் திரும்பாமல் காத்திருந்தாள்.

"அம்மா" என்றாள் நறுமுகை, மிக மெதுவாக. "கோவமுங்களா?"