அடியில் ஒரு குரல்

காலில் வயர் சிக்கியது... விழாமல் எப்படியோ சமாளித்து நின்ற ஜெபசுதாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"இந்த வயர ஓரமாப் போடக்கூடாதா?"

கடற்கரைச் சாலை நடைபாதையில் கிதாரோடு உட்கார்ந்திருந்தவன் நிமிர்ந்தான். பெரிய கண்கள்... மழைக்கு முந்தைய கடல்போல் கறுத்திருந்தன. அவன் கால் ஒரு சின்னப் பெட்டியின் பொத்தான்மேல் இருந்தது. எதிரே மைக் இருந்தது. அடுத்த நொடி அவள் குரலே ஸ்பீக்கரில் திரும்பி வந்தது. இந்த வயர ஓரமாப் போடக்கூடாதா... இந்த வயர ஓரமாப் போடக்கூடாதா... சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் விறுவிறுவென்று நடந்துவிட்டாள்.

அந்தச் சிரிப்பு அவளுக்குப் புதிதல்ல. கட்டைக் குரல். உப்பு லாரிகள் வந்து நிற்கும் எடை மேடையில், கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, "வண்டிய முன்னால எடுங்க" என்று நாளெல்லாம் மைக்கில் சொல்வதுதான் வேலை. "சரி சார்" என்பார்கள் டிரைவர்கள். சாத்தான்குளத்து வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தவர்களும், அவள் இரண்டு வார்த்தை பேசியதும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் தகவலே இல்லை. தூத்துக்குடி விடுதி அறையில் அவளுக்குப் பேச ஆளும் இல்லை, பேசும் ஆசையும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில்கூட உதட்டை மட்டும் அசைப்பாள்.

நான்கு நாள் கழித்து மறுபடியும் அதே சாலை... வேறு வழி இல்லையா என்ன? இருந்தது. கால்தான் கேட்கவில்லை.

தூரத்திலேயே பாட்டு கேட்டது. கிதாரின் உடம்பைத் தட்டித் தாளம் போட்டான். பெட்டி அதைத் திரும்பத் திரும்பச் சொல்ல, அதன்மேல் கிதார், அதற்கும் மேல் ஒரு முணுமுணுப்பு... ஒற்றை ஆள்தான், ஒரு கூட்டமே வாசிப்பதுபோல் இருந்தது. கிட்டே போனபோதுதான், எல்லாவற்றுக்கும் அடியில் ஓடிக்கொண்டிருந்தது தன் குரல் என்று தெரிந்தது.

"கேலி பண்ணுதீங்களா? அழிங்க அத."

"கேலி இல்லங்க..." அவன் எழுந்துவிட்டான். "ஒண்ணு மேல ஒண்ணா ஏத்துனது. அடியில உள்ளத எடுத்தா மொத்தமும் போயிரும்."

"போகட்டும்."

ஒரு கணம் அவளையே பார்த்தான். பிறகு பொத்தானை அழுத்திப் பிடித்தான். பாட்டு அறுந்து, அலைச் சத்தம் மட்டும் மிஞ்சியது. ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டே போனவளுக்கு அன்று சோறு இறங்கவில்லை. என் குரலை ஒருவன் விரும்பி வைத்திருந்தான்... நானே அழிக்கச் சொல்லிவிட்டேனே...

சனிக்கிழமை சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. பூட்டிய ஐஸ்கிரீம் கடையின் தகரக் கூரைக்குக் கீழே, கிதாரையும் மைக்கையும் ஸ்பீக்கரையும் பெட்டியையும் வைத்துக்கொண்டு அவன் சும்மா உட்கார்ந்திருந்தான். அவளும் ஒதுங்கினாள். கையில் குடை இருந்தது... அதைச் சொன்னால் கோபித்துக்கொள்வாள்.

"வாசிக்கலியா?"

"அடியில வைக்க ஒண்ணும் அமையல." தரையைப் பார்த்தே சொன்னான். "எம் பேரு கிளைட்டன். ஊரு பெரியதாழை. இங்க வந்து ரெண்டு வருசமா, எஞ் சத்தத்தையே அடுக்கி அடுக்கி நானே கேட்டுட்டு இருந்தேன். அன்னைக்குத்தான் எம் பாட்டுக்குள்ள வேற ஒரு ஆளு வந்தாங்க... விட மனசில்ல. கேக்காம வச்சது தப்புதான்."

ஜெபசுதா அவன் பக்கம் திரும்பினாள். இந்த ஊரில் தன்னைப் போலவே தனியாக இன்னொருவர்...

"அந்த மைக்கக் குடுங்க."

அவன் பொத்தானை மிதித்தான். பதிவாகிறது என்று சிவப்பு விளக்கு எரிந்தது. அவள் அதை நன்றாகப் பார்த்துக்கொண்டாள். பார்த்துக்கொண்டேதான், எதையும் மறைக்காத தன் கட்டைக் குரலில் சொன்னாள்.

"எனக்கு ஒங்களப் பிடிச்சிருக்கு."

திகைப்பில் அவன் பதிவை நிறுத்தத் தாமதித்துவிட்டான். அவள் சொன்னதற்குப் பின்னால் கொஞ்சம் மழையும் பதிந்தது. பெட்டி எல்லாவற்றையும் திருப்பிச் சொன்னது... எனக்கு ஒங்களப் பிடிச்சிருக்கு... மழை... எனக்கு ஒங்களப் பிடிச்சிருக்கு...

"இத... அழிச்சிரவா?"

"வேண்டாம். மேல ஏதாவது வைங்க."

அவன் கிதாரைத் தொடவில்லை. பொத்தானை மறுபடி மிதித்து, அவள் கையிலிருந்த மைக்குக்குக் குனிந்து, அவள் வரி முடியும்வரை காத்திருந்து, அந்த மழை இடைவெளியில் ஒரே ஒரு வார்த்தை சொன்னான்.

"எனக்கும்."

அடுத்த சுற்றில் பெட்டி இருவரையும் சேர்த்தே சொன்னது.