சிக்கிமுக்கிக் கல்லின் புதுக் காயம்

மாப்பிள்ளைக்கு இடுப்பு கழன்று விழுவதுபோல் வலித்தது. முந்தின நாள் முழுக்கத் துறைமுகத்தில் மூட்டை இறக்கியிருந்தார். விடுமுறையாயிற்றே, குப்புறப் படுத்துக் கிடந்திருக்கலாம். ஆனால் மச்சான் வீட்டுக்கு யாரோ வழக்கோடு வந்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால் அவருக்குக் கால் தரையில் நிற்காது.

மச்சானை எல்லோரும் நிதானம் என்றுதான் கூப்பிடுவார்கள். கப்பல் சரக்கு உடைந்து வந்தால், வழியில் உடைந்ததா, ஏற்றும்போதே உடைந்திருந்ததா என்று பார்த்துச் சொல்வது அவருடைய பழைய வேலை. இப்போது மனிதர்களின் சிக்கல்களைப் பார்க்கிறார்.

வந்திருந்த பெண் அருங்காட்சியகத்தின் தலைமை அதிகாரி. மேசைமேல் இருந்த தட்டின் துணியை விலக்கினார். உள்ளங்கை அளவில் சில சிக்கிமுக்கிக் கற்கள்.

"எங்க அண்ணன் கடற்கரை ஓரமா பொறுக்கினது சார். கற்கால ஆயுதம்னு நம்பி வாங்கி வச்சேன். யுனிவர்சிட்டி புரொபசர் ஒருத்தர் பார்த்துட்டு, ஓரமெல்லாம் இப்பத்தான் கொத்தியிருக்குன்னுட்டார். சாயங்காலம் போலீஸ்ல எழுதிக் கொடுக்கப் போறாராம்."

"அண்ணன் என்ன சொல்றார்?"

"ஒரு அடிகூட அடிக்கலைன்னு சத்தியம் பண்றார். அவர் கொத்தனார் சார், எப்படி நம்புறது? ஆபீஸ்ல எல்லார் முன்னாடியும் மோசக்காரன்னு திட்டி, இனி என் மூஞ்சியில முழிக்காதன்னு அனுப்பிட்டேன்."

"முடிஞ்சுபோச்சு மச்சான்" என்றார் மாப்பிள்ளை. "கொத்தனாரு, சுத்தியலு, கல்லு. மூணும் ஒரே வீட்ல இருக்கு."

"உங்க வீட்லகூடத்தான் கத்தி இருக்கு. யாரைக் குத்தினீங்க?"

நிதானம் கல்லை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நடுவிலிருந்த அகன்ற வெட்டுகள் பழுப்பேறி, கடல் தேய்த்து வழவழப்பாக இருந்தன. ஓரத்துச் சில்லுகளோ கருப்பாகப் பளபளத்தன. ஒரு குழியில் சாம்பல் நிறப் பொருக்கு. நகத்தால் சுரண்டினார், வரவில்லை.

"இதைக் கையில பிடிங்க மாப்பிள்ளை, வெட்டப் போற மாதிரி."

பிடித்த மாப்பிள்ளை, "ஐயோ, குத்துது!" என்று கையை உதறினார்.

"ம்" என்றார் நிதானம். "கொத்தனார் எங்க வேலை பார்க்கிறார்?"

மூவரும் போனபோது, பாதி எழும்பிய மாடிக் கட்டடம் ஒன்றின் கீழே, கலவை மெஷின் பக்கத்தில் அண்ணன் நின்றிருந்தார். தங்கையைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டார். நிதானம் வரச் சொல்லியிருந்த பேராசிரியரும் வந்து சேர்ந்தார். நிதானம் அவரிடம் கொத்தனாரைக் காட்டினார்.

"அவர் கையைப் பாருங்க சார். சிமென்ட் அரிச்ச புண்ணு இருக்கு. இந்தக் கல்லு உடைஞ்சா கண்ணாடி மாதிரி கிழிக்கும். இத்தனை கல்லைக் கொத்தியிருந்தா கீறியிருக்கணும், ஆனா ஒரு கீறல்கூட இல்லை."

"உறை போட்டிருக்கலாமே?" என்றார் பேராசிரியர்.

"போட்டிருக்கலாம். ஆனா ஆயுதம் செய்யறவன் வெட்டுற பக்கத்தைத்தான் கூர் பண்ணுவான். உள்ளங்கை படுற இடத்துலயும் சில்லு போயிருக்கு. எங்க துருத்திக்கிட்டு இருந்துச்சோ அங்கெல்லாம் அடி. இது மனுஷன் யோசிச்சு அடிச்சதில்லை, எதுலயோ போட்டு உருட்டினது. குழியில சிமென்ட் வேற." அவர் கொத்தனார் பக்கம் திரும்பினார். "எதுல கழுவினீங்க?"

"கடல்ல ஒதுங்குற தார் அப்பியிருந்துச்சுங்க. ஜல்லி கழுவுற மாதிரி மெஷின்ல போட்டு, தண்ணி விட்டுச் சுத்தினேன். தங்கச்சி ஆபீஸுக்கு அழுக்காவா கொடுக்கறது?"

பேராசிரியர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அடப்பாவி மனுஷா!"

"ஓரத்துக் காயம் மெஷினோடது. நடுவுல இருக்கறது யாரோடது சார்?" என்றார் நிதானம். பிறகு கொத்தனாரிடம், "கழுவாத கல்லு இருக்கா?" என்று கேட்டார்.

சிமென்ட் மூட்டைகளைப் போர்த்திய தார்ப்பாயின் மேலிருந்து ஒன்றை எடுத்து வந்தார் அவர். "இது பெருசு. பாய் பறக்காம இருக்கட்டும்னு வச்சேன்."

பாதி தார், பாதி பழுப்பு. அதே அகன்ற வெட்டுகள். புதுச் சில்லு ஒன்றுகூட இல்லை. அது மாப்பிள்ளை கைக்கு வந்தது. கட்டைவிரல் தானாக ஒரு குழியில் போய் உட்கார்ந்தது. உள்ளங்கை எங்கும் உறுத்தவில்லை. ஆயுளெல்லாம் கொக்கியும் கடப்பாரையும் பிடித்த கை அது. இவ்வளவு பாந்தமான பிடியை அது கண்டதில்லை.

"எவன்யா இதைச் செஞ்சான்!" என்றார். "நாள் பூரா உழைச்சுக் கை வலிச்சவன் செஞ்சிருக்கான் மச்சான்."

பேராசிரியர் வாங்கிப் பார்த்தார். "நான் ஓரத்தை மட்டும் பார்த்துட்டேன். இது அசல்" என்றவர், பையிலிருந்த புகாரைக் கிழித்துப் போட்டார்.

தங்கை கல்லை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டார். எந்தப் பாறைக்குப் பக்கத்தில், கரையிலிருந்து எவ்வளவு தூரத்தில் என்று அண்ணனைத் துருவித் துருவிக் கேட்டார். அவரும் முகம் மலரச் சொன்னார். பிறகு தங்கை பேராசிரியரோடு பேசிக்கொண்டே காரில் ஏறிப் போய்விட்டார்.

கொத்தனார் கொஞ்ச நேரம் கார் போன வழியைப் பார்த்து நின்றார். கலவை இறுகிக்கொண்டிருந்தது; கரண்டியை எடுத்தார். அண்ணனிடம் தங்கை கேட்க வேண்டிய மன்னிப்பு இன்னும் பாக்கி.